கொட்டகையில் பன்னிரண்டு சாக்கு

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று போடக் கை வரவில்லை. கோபம் தீர்ந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன், பார்.

திங்கட்கிழமை போனை வைத்தது நான்தான். லைன் அறுந்துவிட்டது என்று உன் பெரியவரிடம் சொல்லிச் சமாளித்திருப்பாய். உங்கள் பூச்சி நிலையத்துக்கே ஒரே ஒரு போன், அதுவும் அந்த மனுஷர் மேசைமேல். நான் இங்கே தபாலாபீஸில் வரிசையில் நின்று, பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, வயல் போச்சுடா என்று அழுகிறேன். நீ அங்கே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "ம்... ம்... சரிங்க" என்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை "வாடி போடி" என்றவன், என்றைக்கடா எனக்கு "ங்க" போட்டாய்? கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் முழுதாகச் சொன்னாய். "பத்து வருஷத்துக்குத் தக்காளி போடாதே, தானியம் போடு." இந்தத் துண்டு நிலத்தில் தானியம் போட்டால் கோழிக்குக்கூடக் காணாது. அப்போதுதான் வைத்தேன்.

இனி போன் வேண்டாம். எழுது. ஒரு தாள் எடுத்து "ம்" என்று மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும்.

அன்றைக்குச் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் அங்கொன்றும் இங்கொன்றும். போன வருஷம் பாதி வயல். இந்த வருஷம் கால் வைக்க இடமில்லை. செடி நன்றாகத்தான் வருகிறது. பூ வைத்துப் பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் அதன் காலடியில் மண் வெடிக்கிறது. வெளிறின தண்டு ஒன்று எட்டிப் பார்க்கிறது. இலை கிடையாது, பச்சை என்பதே கிடையாது, மேலே மட்டும் ஊதாப் பூ. தோண்டிப் பார்த்தால் அதன் அடி தக்காளி வேரில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நட்டது நான், தண்ணீர் கட்டியது உன் மாமா, தின்பது அது. பத்து நாளில் தக்காளி தலையைத் தொங்கப்போடுகிறது.

அதற்கு நான் "தண்டச்சோறு" என்று பேர் வைத்திருக்கிறேன். அம்மா உன்னை அப்படித்தானே கூப்பிடுவாள், வேலை வெட்டி இல்லாமல் வண்டின் பின்னால் திரிந்தபோது. வண்டின் பின்னால் திரிந்தவனுக்கு அதற்கே சம்பளம் கிடைத்துவிட்டது. ஊர் உலகத்துக்கெல்லாம் பூச்சி வளர்த்துக் கொடுக்கிறாயே, கூடப்பிறந்தவள் வயலுக்கு ஒன்றும் இல்லையா?

அக்கா

---

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றும் கூடையில் கிடக்கின்றன.

பெரியவர் நல்லவர்தான். ஆனால் போனில் பேசினால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார். அவர் முன்னால் சில விஷயங்களைப் பேச என்னால் முடியாது. "ங்க" வந்ததும் அதனால்தான். மன்னித்துவிடு.

உன் களைக்கு ஒரு பூச்சி இருக்கிறது. நான் வளர்ப்பதே அதைத்தான். இதுவரை உன்னிடம் சொல்லாததற்கு என்ன காரணம் எழுதுவது என்றுதான் மூன்று தாள் வீணாயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு கறுப்பு ஈ. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. உன் தண்டச்சோறு பூக்கும்போது வந்து பூவில் முட்டை வைக்கும். புழு பொரித்துக் காய்க்குள் இறங்கி விதையைத் தின்னும். பிறகு தண்டுக்குள்ளேயே கூடு கட்டித் தூங்கும். அடுத்த வருஷம் வெயில் ஏறும்போது ஈயாக வெளியே வரும். தக்காளியைத் தொடாது. வேறு எந்தச் செடியையும் தொடாது. இந்தக் களை ஒன்றுதான் அதற்குச் சோறு. களை இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் அவ்வளவு வைராக்கியம் அதற்கு.

இங்கே காய்ந்த தண்டுகளைக் குளிர் அறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். தேவையானபோது சூடான அறைக்கு மாற்றினால் ஈ வரும். ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, கண்ணாடிச் சீசாவுக்குள் ஒவ்வொன்றாகப் பிடிப்போம். வலை கிழிந்திருந்தால் வாய்க்குள் போய்விடும். ஐந்தாறு தின்றிருப்பேன். ருசி ஒன்றும் இல்லை.

நீ தக்காளி நடும்போது எழுது. ஒரு பெட்டி அனுப்புகிறேன். களை குறையும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஈ வேலை செய்ய வேண்டுமானால் களை பூக்க வேண்டும். நீ பிடுங்கக் கூடாது. எந்த மருந்தும் அடிக்கக் கூடாது.

தம்பி

---

செப்டம்பர் 5

தம்பிக்கு,

களையைப் பிடுங்காதே என்று விவசாயிக்குச் சொன்ன முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். பல் குத்திக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, "உன் தம்பி படிச்சு படிச்சு இப்படி ஆயிட்டானா, இல்ல இப்படி இருந்ததாலதான் படிக்கப் போனானா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

ஆனால் சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. மேற்கே செங்கல் சூளை போட்டிருக்கிறார் ஒருவர், உனக்குத் தெரியாது. பக்கத்து வயலை மூன்றடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார். இப்போது அங்கே மழைத்தண்ணீர் நிற்கிறது. கொசு மட்டும் நல்ல விளைச்சல். அவர் எங்கள் மண்ணையும் கேட்கிறார். வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து வரப்பில் நின்று மண்ணை அள்ளி உருட்டிப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

உன் மாமா முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அறுவடைக்குப் பிறகு சொல்லவில்லை. நானும் அவரும் இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தோம். இன்னும் ஒரே ஒரு தடவை தக்காளி. அதுவும் போனால் மண் சூளைக்கு. வாக்குக் கொடுத்துவிட்டார், அவர் வாக்கு மாறாத ஜாதி என்பது உனக்கே தெரியும்.

ஆகவே உன் ஈயை நம்பித்தான் நடப்போகிறேன். இந்த ஒரு பட்டத்தில் அது என் தக்காளியைக் காப்பாற்றுமா, காப்பாற்றாதா? ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்று எழுது.

இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு மேலாயிற்று நீ இங்கே வந்து. கடைசியாக வந்தது மழையில் சாலை அடித்துப் போனபோது. பதினைந்து நாள் என் சமையலைத் தின்றுவிட்டு, உன் சாக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவன்தான். இரண்டு நாள் ரயில், அவ்வளவுதானே? என்ன கோபம் என் மேல்?

அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. சத்தியமாக உன் மேல் ஒரு கோபமும் இல்லை.

பெட்டி இன்று பார்சலில் போகிறது. உன் கேள்விக்குப் பெட்டி அனுப்புவதையே பதிலாக எடுத்துக்கொள்.

முதல் ஊதாப் பூ கண்ணில் பட்டதும் பெட்டியை வயல் நடுவில் ஒரு கம்பத்தில், உன் தோள் உயரத்துக்குக் கட்டு. மூடியில் வலை வைத்திருக்கிறேன். ஈ நுழையும் அளவுக்குத்தான் கண். பெட்டியின் வாய் காலை வெயில் வரும் பக்கம் பார்த்திருக்கட்டும். மழை வந்தால் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வை. எறும்பு ஏறாமல் இருக்கக் கம்பத்தில் கிரீஸ் தடவு.

இப்போது எழுதுவதை இரண்டு தடவை படி. பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு சொருகியிருக்கிறது. அதில் எண்ணெய் பூசியிருக்கிறேன். உள்ளே இருக்கும் காய்ந்த தண்டுகளிலிருந்து என்ன உதிர்ந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். தட்டை வெளியே இழுக்காதே. தட்டித் துடைக்காதே. எல்லா ஈயும் வந்தபிறகு பெட்டியோடு சேர்த்துத் தீயில் போடு. வெறும் சாம்பல் ஆகிற வரை பக்கத்திலேயே நில். கீழே ஏதாவது தூள் கொட்டிவிட்டால் பெருக்காதே. அந்த இடத்திலேயே வைக்கோல் போட்டுக் கொளுத்து.

பருவம் முடிந்து உன் வயலில் காய்ந்த தண்டுகளைச் சேகரிக்க இதேபோல் இன்னொரு காலிப் பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். அதற்கும் தட்டு உண்டு.

மாமாவுக்கு என் வணக்கம் சொல்.

தம்பி

---

ஏப்ரல் 28

தம்பிக்கு,

ஈ வந்துவிட்டது! உன் பெட்டியைக் கட்டி ஐந்தாம் நாள் காலையில் வலைக்கு வெளியே மூன்று உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் எண்ண முடியவில்லை. உன் மாமா வரப்பில் நின்று, "வாங்க வாங்க, கைய கழுவிட்டு உக்காருங்க" என்று உபசரிக்கிறார்.

களையும் குறைவில்லாமல் வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை அரிக்கிறது. நேற்று என்னை அறியாமல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, திருடின பிள்ளைபோல முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னம்மா, பூந்தோட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சூளைக்காரர் மட்டும் எதுவும் கேட்பதில்லை. சைக்கிளில் வருகிறார், பார்க்கிறார், போகிறார்.

முந்தாநாள் நீ எழுதியது சரிதானா என்று ஒரு காயை நகத்தால் பிளந்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு புழு, அரிசி நொய் அளவு, ஒய்யாரமாகப் படுத்திருந்தது. சுற்றிலும் விதை எல்லாம் தின்று தீர்த்து வெறும் ஓடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு புழுவைப் பார்த்து யாராவது அழுவார்களா? பத்துக் காயைப் பிளந்தேன், ஒன்பதில் புழு இருந்தது.

பத்தாவது காயில் புழு இல்லை. அதைத் தெரியாமல் உள்ளங்கையில் கவிழ்த்துவிட்டேன். மூக்குப்பொடி மாதிரி கொட்டியது. கரும்பழுப்புத் தூள். அதுதான் விதை என்று உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. மூச்சு விட்டால் பறக்கிறது. ஒரு காயில் அவ்வளவு, ஒரு தண்டில் எத்தனை காய்?

கையை அப்படியே நீட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தீயில் உதறினேன். அப்போதுதான் உன் போன கடிதம் ஞாபகம் வந்தது. எடுத்து இரண்டு தடவை இல்லை, நாலு தடவை படித்தேன். தட்டு, எண்ணெய், பெருக்காதே.

ஒன்று கேட்கிறேன். நாலு வருஷம் முன்னால் நம் கொட்டகையில் பதினைந்து நாள் கிடந்ததே பன்னிரண்டு சாக்கு, அதற்குள் இருந்தது என்ன தண்டு? அந்தச் சாக்குகளுக்கு அடியில் தட்டு இருந்ததா?

அக்கா

---

மே 19

தம்பிக்கு,

தபால்காரர் இன்றும் கையை விரித்துவிட்டுப் போனார்.

வடக்கு ஓரம் இருபது செடி தலை சாய்ந்துவிட்டன. ஈ நன்றாகத்தான் தின்கிறது. செடி ஏன் சாய்கிறது?

பதில் எழுது. "ம்" என்றாவது எழுது.

அக்கா

---

மே 30

அக்கா,

தட்டு இல்லை. வெறும் சணல் சாக்கு. கண் கண்ணாக ஓட்டை உள்ள சாக்கு.

அதில் இருந்தது இதே தண்டுகள்தான். மலைக்கு அந்தப் பக்கம் களை பிடித்த வயல்களில் ஈக்கூடுகளுக்காகச் சேகரித்தேன். அந்தத் தண்டுகளை எங்கேயும் நிறுத்தாமல் நேராக நிலையத்துக்கு, மூடிய அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வேலையில் சேர்ந்த முதல் நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்வது அதைத்தான். சாலை அடித்துப் போனது உண்மை. ஆனால் சாலைச் சந்திப்பில் அரசுக் கிடங்கு ஒன்று இருந்தது, சிமெண்டுத் தரை, பூட்டுப் போட்ட கதவு. அங்கே வைத்திருக்கலாம். அங்கே வைத்தால் நானும் அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். உன் வீடு நாற்பது மைல். லாரிக்காரரிடம் கெஞ்சி உன்னிடம் கொண்டுவந்து இறக்கினேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். நீ கதவைத் திறந்ததும், "வாடா தண்டச்சோறு" என்று சொன்னாய்.

அடுத்த வருஷம் நீ எழுதினாய், "பேர் தெரியாத களை ஒன்று ஊதாப் பூவோடு வந்திருக்கிறது, அழகாக இருக்கிறது" என்று. அந்த வரியைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் அந்தக் களை அதுவரை கிடையாது. அன்றிலிருந்து உன் வீட்டுப் பக்கம் வர எனக்குக் கால் வரவில்லை.

இரண்டாவது விஷயம். இதையும் இப்போதே எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன். நீ ஆமாம், இல்லை என்று கேட்டாய். பதில் இல்லை என்பதுதான். ஈ விதையைத்தான் தின்னும். அதாவது அடுத்த வருஷத்துக் களையை. இந்த வருஷத்துக் களை மண்ணுக்கு மேல் வருவதற்கு முன்பே வேரில் உட்கார்ந்து உறிஞ்சி முடித்துவிடும். மேலே வந்த பிறகு அதை யார் தின்றாலும் தின்னாவிட்டாலும் செடிக்கு ஒன்றுதான். உன் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதை பத்துப் பன்னிரண்டு வருஷம் சாகாமல் கிடக்கும். வருஷா வருஷம் ஈயை விட்டு, புது விதை விழாமல் தடுத்து, கிடப்பதும் தீர்ந்தால்தான் விடிவு. உன்னிடம் இருந்தது ஒரே ஒரு பட்டம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது தெரிந்தேதான் பெட்டியைக் கட்டினேன். என்னிடம் வேறு எதுவும் இல்லை, அக்கா. எதையாவது அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

பெரியவரிடம் சாக்கு விஷயத்தை நேற்றுச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. "உன் அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

திட்டு. தயவுசெய்து திட்டி எழுது.

தம்பி

---

ஜூன் 22

தம்பிக்கு,

திட்டி எழுதியது ஏழு பக்கம் வந்தது. ஒரு வாரம் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் உன்னை என்ன என்னவெல்லாம் சொல்லியிருந்தேன் என்பது எனக்கும் அடுப்புக்கும் தெரியும்.

ஏன் அடுப்பில் போட்டேன் என்று சொல்கிறேன்.

நீ சாக்கை ஏற்றிக்கொண்டு போன மறுநாள் கொட்டகைக்குப் போனேன். தரை முழுக்கக் கரும்பழுப்பாக மெல்லிசாக ஒரு தூள் படர்ந்திருந்தது. நீ எதையும் ஒழுங்காக வைக்கமாட்டாய், பின்னால் பெருக்குவதற்கு என்றே நான் பிறந்திருக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகப் பெருக்கினேன். முறத்தில் அள்ளினேன். அதை எங்கே கொட்டினேன் தெரியுமா? எருக்குழியில். செடி கொடியில் இருந்து வந்த குப்பைதானே, வீணாகப் போவானேன் என்று. அந்த வருஷத்து எரு முழுவதையும் நான்தான் கூடை கூடையாக, ஒரு மூலை விடாமல், கையால் வீசிவிட்டேன். விதைப்பதுபோல.

தூளை அப்படியே விட்டிருந்தால் கொட்டகைத் தரையோடு போயிருக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அந்தக் காயைக் கவிழ்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேள்வியை உன்னைப் பார்த்துத்தான் கேட்டேன். என் பங்கை எழுதவில்லை. நீ மட்டும் செய்தது என்று கொஞ்ச நாளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் அவ்வளவு நல்லவள்.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் சாக்கு, என் துடைப்பம், இரண்டையும். திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு, "எருவ வண்டியில ஏத்திக் கொண்டாந்து குவிச்சது நான்தானே" என்றார். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

பயிர் போய்விட்டது. கூடையில் பாதிகூட நிரம்பவில்லை. போன வாரம் சூளைக்காரர் சைக்கிளை நிறுத்தியபோது உன் மாமாவே எழுந்து போய்ப் பேசினார். மழை நின்றதும் வெட்டுவார்கள்.

காய்ந்த தண்டுகளை மட்டும் நீ சொன்னபடி அறுத்து, இரண்டாவது பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். எண்ணெய் பூசினேன். எதற்கு என்று கேட்காதே. சொன்ன வேலையைச் செய்து பழகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். சூளையில் வைத்து மண்ணைச் சுட்டால் அந்த விதை சாகுமா?

அக்கா

---

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

சாகும். எல்லாமே சாகும். ஒன்றுகூட மிஞ்சாது.

பதினோரு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். எது அந்த விதையை முழுசாகக் கொல்லும் என்று யாராவது கேட்டால் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே பதில் இதுதான். இதை உனக்கு எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் சூளைக்குப் போகும் வழியில் கொட்டுகிற மண் சாகாது. லாரிச் சக்கரத்தில் ஒட்டுவது அடுத்த ஊர் வயலில் போய் விழும். வெட்டுகிற நாட்களில் வயலை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு பள்ளம் தோண்டி, லாரியை அதன் மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் பள்ளத்தை விட்டு வெளியே ஓடக் கூடாது. மண்ணின் மேல் தார்ப்பாய் போர்த்த வேண்டும். இதை அவர்களிடம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பெரியவர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பதில் வருவதற்குள் உங்கள் வயல் செங்கலாகிவிடும்.

உன்னிடம் எந்த முகத்தோடு இதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

நான் வரட்டுமா?

தம்பி

---

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

விட்டு வைத்த இடத்தை நிரப்பிவிட்டேன். பார்த்துக்கொள்.

ஒன்பது மாசம் பதில் போடவில்லை. கோபத்தில் இல்லை. தினமும் எழுத உட்காருவேன், சன்னலுக்கு வெளியே லாரி உறுமும், எழுந்து போய்விடுவேன்.

இருபத்தாறு நாள் வெட்டினார்கள். பள்ளத்தை உன் மாமா தோண்டினார். நான் கிணற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் கழுவினேன். முதல் நாள் டிரைவர்கள், "கோயிலுக்கா போறோம், இப்படிக் குளிப்பாட்டறீங்க?" என்று சிரித்தார்கள். சொல்லிப் பார்த்தேன், ஒருத்தருக்கும் புரியவில்லை. பைத்தியம் என்று முடிவுகட்டி விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பைத்தியத்திடம் யாரும் வழக்காடமாட்டார்கள், அது ஒரு வசதி. ஆனால் நான் சாப்பிடப் போன நேரத்தில் எத்தனை லாரி கழுவாமல் போனதோ தெரியாது. தார்ப்பாய் போர்த்தினது பாதிப் பேர்தான். நம்மால் ஆனது அவ்வளவுதான். இனி யாருடைய வயலில் ஊதாப் பூ எட்டிப் பார்த்தாலும் அது என் கை நழுவவிட்டதாகத்தான் இருக்கும். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

உன் மாமா சூளையில் வேலைக்குப் போகிறார். பச்சைக் கல்லை அடுக்கும் வேலை. நம் மண்ணில் அறுத்த கல் எது என்று பார்த்தாலே தெரியும் என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் நம்பிக்கொள்ளட்டும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த இரண்டாவது பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். வயலே போனபிறகு தீயில் போட்டிருக்க வேண்டும். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நாலு நாள் முன்னால் வெயில் ஏறியது. காலையில் பெருக்கும்போது பெட்டிக்குள் சரசரவென்று ஒரு சத்தம். காதை வைத்தேன். உன் ஈக்கள் வந்துவிட்டன, தம்பி. போன வருஷத்தைவிடப் பத்து மடங்கு இருக்கும். என் வயலில் பிறந்து வளர்ந்தவை. துணிக்குப் பின்னால் முட்டிக்கொண்டிருந்தன.

என்ன செய்வது என்று உன்னைக் கேட்க வேண்டும். கடிதம் போய்ச் சேர எட்டு நாள், பதில் வர எட்டு நாள். அவை அதுவரை தாங்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். தபாலாபீசுக்குப் போய் போன் பண்ணலாம் என்று செருப்புக்கூட மாட்டினேன். போனில் என்ன சொல்வாய்? களை இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும் என்பாய். அதுதான் எனக்கே தெரியுமே.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். வயல் என்று சொல்லிப் பழகிவிட்டது. மூன்றடிப் பள்ளம். பழைய கம்பம் வரப்பு ஓரத்தில் கிடந்தது, அதை நட்டுக் கட்டினேன். வாயைக் காலை வெயில் பக்கம் திருப்பி வைத்துத் துணியை அவிழ்த்தேன். குபுகுபுவென்று வந்தன. பள்ளத்துக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒரு பூ இல்லை. ஒரு தண்டு இல்லை. சுரண்டி எடுத்த செம்மண்ணும் லாரிச் சக்கரத் தடமும்தான். சிலது திரும்பி வந்து பெட்டிமேலேயே உட்கார்ந்தன. ஒன்று என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்து காலைத் தேய்த்தது. விரட்ட மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால் காலிப் பானையோடு நிற்பதுபோல நின்றேன்.

மூன்று நாளும் காலையில் போய்ப் பார்த்தேன். இன்று ஒன்றும் பறக்கவில்லை. பெட்டியைத் தட்டோடு எரித்தேன். சாம்பல் ஆகிற வரை பக்கத்திலேயே நின்றேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வா. கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது, கட்டில் போட்டுத் தருகிறேன். உன் மாமாவும் உன்னைக் கேட்டார். பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். திரும்பிப் போகும்போது மட்டும் செருப்பை நன்றாகக் கழுவிவிட்டுப் போ. தண்ணீர் நான் ஊற்றுகிறேன்.

அக்கா